இரண்டாம் பரிசுக்கு ஆசைப்பட்டவன்

மனிதகுல வரலாற்றில் ஆசையைப் பற்றி ஞானிகள் பேசியிருக்கிறார்கள், கவிஞர்கள் புலம்பியிருக்கிறார்கள். ஆனால் அதைப் படிவத்தில், வரிசை எண்ணோடு, மூன்று பிரதிகளில் வாங்கிக்கொண்ட பெருமை எங்கள் சான் அனக்லெட்டோ நகராட்சிக்கே உரியது. அந்தப் பெருமையில் எனக்கும் சிறு பங்கு உண்டு. படிவத்துக்குக் கோடு போட்டவன் நான்தான்.

செப்டம்பர் பிறந்ததும், எங்கள் நாட்டு வழக்கப்படி, கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் தொடங்கிவிட்டது. முதல் திங்கட்கிழமை, கொடியேற்றம் முடிந்து ஊழியர்கள் கலையப்போகும் நேரத்தில், மாண்புமிகு மேயர் தியோதுலோ மைக்கைப் பிடித்தார். அவர் பிடித்த மைக்கை இதுவரை யாரும் திரும்ப வாங்கியதில்லை. முதலில் இரண்டு பாட்டுப் பாடினார். பிறகு அறிவித்தார்.

"கிறிஸ்துமஸுக்கு என்ன வேணும்னு கேட்டா எல்லாரும் என்ன சொல்றீங்க? ஒரு துண்டு, ஒரு காபிக் கோப்பை, உலக சமாதானம்! அத்தனையும் பொய்! மனசுக்குள்ள இருக்கறத எழுதிக் குடுங்க. அதுல எது உண்மையான ஆசையோ, அத இந்த தியோதுலோ நிறைவேத்தி வைப்பான்!"

ஊழியர்கள் பலமாகக் கைதட்டினார்கள். காலை வெயிலில் ஒரு மணி நேரம் நின்றவர்கள் எதற்கும் கைதட்டுவார்கள். அடுத்த மே மாதம் தேர்தல் வருவது முற்றிலும் தற்செயல்.

அன்றே 'உண்மை ஆசைக் குழு' அமைந்தது. தலைவி, சமூகநலப் பிரிவின் பெர்பெத்துவா மேடம். உறுப்பினர்-செயலர், அடியேன் ஹெர்மி, உதவி எழுத்தர். வேறு உறுப்பினர்கள் இல்லை. உறுப்பினர்கள் இருந்தால் கருத்துகள் வரும் என்பதை மேயர் முன்கூட்டியே உணர்ந்திருந்தார்.

முதல் பரிசு, ஆசை நிறைவேறுதல். இரண்டாம் பரிசு ஒரு கரோக்கி பெட்டி. மார்பளவு உயரம், இரண்டு மைக்குகள், பாட்டுக்கு ஏற்ப நிறம் மாறும் விளக்குகள், பாடி முடித்ததும் மதிப்பெண் சொல்லும் குரல். அதை நகராட்சிக் கூடத்தில் கண்ணாடித்தாள் சுற்றி நிறுத்தியிருந்தோம். பிறப்புச் சான்றிதழ் வாங்க வந்தவர்கள் அதன் எதிரே நின்று, வந்த வேலையை மறந்து வீடு திரும்பினார்கள். முதல் பரிசை யாரும் பார்க்கவில்லை. பார்க்கக்கூடிய இடத்தில் அது இல்லை.

நானூற்றுப் பன்னிரண்டு ஆசைகள் வந்தன. குழு அவற்றை மிகுந்த கவனத்துடன் பரிசீலித்தது.

"எண் பதினேழு," என்று வாசித்தார் மேடம். "சந்தைக்குப் பின்னாடி இருக்கற சாக்கடைக்கு மூடி போடணும். ஹெர்மி, இது ஆசையா?"

"இல்ல மேடம், புகார்."

"புகாரை எங்க அனுப்பணும்?"

"பொறியியல் பிரிவுக்கு."

"அனுப்பினா?"

"நமக்கே திருப்பி அனுப்பிடுவாங்க."

"அப்ப ஆசைன்னே வெச்சு நிராகரிச்சுடு."

எண் எண்பத்தெட்டு: மேயர் இந்த ஆண்டு மேடையில் பாடக்கூடாது. கீழே பதினோரு ஆசிரியைகளின் கையொப்பம். பொதுநலன் கருதி அந்தக் காகிதம் தொலைந்துபோனது. நானே தொலைத்தேன். எண் நூற்று நாற்பது: மாமியார் இந்த வருடமாவது நாத்தனார் வீட்டுக்குப் போகவேண்டும். மேடம் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். எந்தத் தலைப்பில் வைக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

எண் இருநூற்று மூன்று வந்தபோதுதான் குழு நிமிர்ந்து உட்கார்ந்தது.

எழுதியவன் டெல்பின் கட்டாகுத்தான். சந்தை முனையில் மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவன். மனைவி ரொசெண்டா ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்கிறாள். ஐந்து வருடமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. விடுப்புக் கேட்கும்போதெல்லாம் முதலாளியம்மாவின் தாயாருக்கு உடம்பு முடியாமல் போய்விடும். 'இந்தக் கிறிஸ்துமஸுக்கு அவள் வந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம்' என்று எழுதியிருந்தான். இதுவரை சுமார்தான். கடைசி வரி வேறு கையெழுத்தில் இருந்தது: 'அம்மா விட்டுப்போன செருப்பு இன்னும் வாசலில்தான் இருக்கிறது. அதை யாரும் நகர்த்தவில்லை.'

மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஹெர்மி, கண்ணு கலங்குதா?"

"கலங்குது மேடம்."

"பிளெக்ஸ்ல எடுப்பா இருக்குமா?"

"ரொம்ப எடுப்பா இருக்கும் மேடம். ஒரு பக்கம் செருப்பு, இன்னொரு பக்கம் மேயர்."

மேடம் சற்று யோசித்தார். "ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி விடச் சொல்லு."

இரண்டாம் பரிசு டெல்பினின் பக்கத்து வீட்டுக்காரர் போன்சோவுக்குப் போனது. மாதாகோவில் வாசலில் அரிசி ஆப்பம் சுட்டு விற்கும் சாது. 'எங்கள் தெருவில் அமைதி நிலவவேண்டும்' என்பதே அவருடைய ஆசை. குழு அவருக்குக் கரோக்கி பெட்டியை வழங்கிக் கௌரவித்தது.

முடிவு வெளியான மறுநாள் காலை டெல்பின் என் மேசைக்கு வந்தான். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான்.

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சு."

"என்ன தப்பு?"

"நான் ஜெயிச்சுட்டேன்."

"அது தப்பா?"

"நான் எழுதினது ரெண்டாம் பரிசுக்கு சார். மொதப் பரிசு கெடைச்சுப்போச்சு."

"ரெண்டாம் பரிசுக்குன்னு தனியா எழுத முடியுமாய்யா?"

"அளவா எழுதினா முடியும் சார். ரொம்ப அழவெச்சா மொதப் பரிசு, கொஞ்சமா அழவெச்சா ரெண்டாவது. நான் கரெக்டாத்தான் நிறுத்தினேன். என் பொண்ணு அனலின் வந்து அந்தச் செருப்பு வரிய சேத்துட்டா."

"அந்தச் செருப்பு நெஜமாவே வாசல்ல இருக்கா?"

"இருக்கு சார். அனலின் வீட்ல இருக்கறப்போ. வெளிய போனா அவதான் போட்டுக்கிட்டுப் போவா."

அவனை உட்காரச் சொன்னேன். பொண்டாட்டி வருவதில் என்ன கஷ்டம் என்று கேட்டேன். பிளெக்ஸ் அச்சாகிவிட்ட பிறகு ஒரு குடிமகன் மகிழ்ச்சியாக இருக்க மறுப்பது நகராட்சிக்கு நல்லதல்ல.

"கஷ்டம் இல்ல சார். பயம்."

"எதுக்கு?"

"நாய்."

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். ரொசெண்டா போகும்போது பொகி என்ற நாயை விட்டுப்போயிருந்தாள். பெற்ற பிள்ளையைப் போல வளர்த்த நாய். அது இரண்டு வருடத்துக்கு முன்பு லாரியில் அடிபட்டுச் செத்துவிட்டது. சொன்னால் அங்கே தனியாக உட்கார்ந்து அழுவாளே என்று, ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போதெல்லாம் போன்சோவின் நாயைத் தூக்கிவந்து காட்டியிருக்கிறார்கள் அப்பனும் மகளும். அதன் பெயர் சார்ஜென்ட்.

"போன்ல சின்னதாத் தெரியும் சார், சமாளிச்சோம். நேர்ல வந்து பொகின்னு கூப்பிட்டா அது திரும்பிக்கூடப் பாக்காதே!"

இந்த இடத்தில்தான் எங்கள் நிர்வாகத்தின் பெருமையை வாசகர்கள் கவனிக்கவேண்டும். அரை மணி நேரத்தில் ஆணை தயாரானது. 'போன்சோ என்பாரின் பராமரிப்பில் உள்ள சார்ஜென்ட் எனும் நாய், பொதுநலன் கருதி, டிசம்பர் மாதம் முழுவதும் டெல்பின் என்பாரின் வீட்டில் பொகி எனும் பதவியில் அயல்பணியில் அமர்த்தப்படுகிறது.' நாய் பணியேற்றுக்கொண்டது. பதினைந்து நாட்கள் அனலின் அதற்குப் புதுப்பெயரைக் கற்றுக்கொடுத்தாள். தினமும் வறுத்த மீனைக் காட்டி "பொகி!" என்பாள். அது மீனைக் கற்றுக்கொண்டது.

ஹாங்காங் முதலாளியம்மாவுக்கு மேயரின் முத்திரையிட்ட கடிதம் போனது. முழுப்பக்கக் கடிதத்தில் 'உலக சகோதரத்துவம்' என்ற சொல் ஒன்பது இடங்களில் வந்தது. அந்த அம்மாள் பயந்துபோய் இரண்டு வாரம் விடுப்புக் கொடுத்துவிட்டாள்.

டிசம்பர் பதினாறு. மணிலா விமான நிலையத்தில் குழு, பேண்டு வாத்தியம், பிளெக்ஸ், மேயர், படம் எடுப்பவர் ஆகியோர் முன்வரிசையில் நின்றோம். டெல்பினும் அனலினும் எங்கள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரொசெண்டா வந்தாள். சின்ன உருவம், கட்டையாக வெட்டிய முடி, யாரோ கூப்பிட்டுவிட்டதைப் போன்ற வேக நடை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகக் கணவனிடம் போய் நின்றாள். சட்டையைப் பார்த்தாள். குழு வழங்கிய சட்டை அது.

"உன் நெஞ்சுல யாரு?"

"மேயர்," என்றான் டெல்பின்.

"அப்ப நான் எங்க?"

அவன் பதில் சொல்வதற்குள் அவள் சிரித்துவிட்டாள். அனலின் ஓடிவந்து இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அந்த முதல் அணைப்பு பதிவுக்குத் தகுதி பெறவில்லை; மேயர் கண் மூடியிருந்தார். இரண்டாவதில் மேயரின் முதுகு தெரிந்தது. மூன்றாவதில் பேண்டுக்காரர் குறுக்கே வந்துவிட்டார். நான்காவதில் டெல்பின் உண்மையாகவே அழத் தொடங்கி முகம் கோணிப்போனது. ஐந்தாவது அணைப்பு சிறப்பாக அமைந்தது. வரலாற்றில் இடம்பெற்றிருப்பது அதுதான்.

அன்று மாலை ஊர்த் திடலில் நட்சத்திர விளக்குகளுக்குக் கீழே மேடை. மேயர் ரொசெண்டாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"சொல்லும்மா ரொசெண்டா! இப்ப ஒன் மனசுல இருக்கற உண்மையான ஆசை என்ன?"

"தூக்கம் வருது சார்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மேயரும் சிரித்து, அதையே ஒரு வேண்டுகோளாக ஏற்றுத் தாலாட்டுப் பாடினார். பிறகு நாயை மேடையேற்றினார்கள். ரொசெண்டா குனிந்து கையை நீட்டி, "பொகி," என்றாள். நாய் அவளைத் தாண்டி நேராக விருந்து மேசைக்குப் போய், சுட்டு வைத்திருந்த முழுப் பன்றியின் காதைப் பிடித்து இழுத்தது. ரொசெண்டா நாயைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். டெல்பின் மேடைக் கூரையை மிகுந்த ஆர்வத்துடன் ஆராய்ந்துகொண்டிருந்தான்.

அவளுடைய பதினான்கு நாள் விடுப்பைக் குழு வீணடிக்கவில்லை. எட்டு நாட்களில் பதினோரு நிகழ்ச்சிகள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தீயணைப்பு நிலையம், முதியோர் சங்கம், வானொலி. ஒவ்வோர் இடத்திலும் ரொசெண்டா பையோடு நடந்து வருவாள், கணவனைக் காண்பாள், பையை நழுவவிடுவாள், கட்டிக்கொள்வாள். போகப்போக மெருகேறியது. நான்காம் நாளுக்குப் பிறகு டெல்பினுக்குப் பை விழும் சத்தம் கேட்டாலே அழுகை வந்துவிடும். வானொலி நிலையத்தில் யாரோ ஒரு பெண்மணியின் பை விழுந்ததற்கும் அழுதான். மற்றபடி கணவனும் மனைவியும் பேசிக்கொள்ள நேரமிருந்ததா என்பது குழுவின் வரம்புக்குள் வராத விஷயம்.

இருபத்துநான்காம் தேதி மாலை மேயர் வீட்டில் விழா. வண்டி போய்க் காத்திருந்தது. ரொசெண்டா வரவில்லை. வண்டி திரும்பி வந்து மேடத்தையும் என்னையும் அவள் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனது.

கதவைத் திறந்த அனலின், "அம்மா வரமாட்டாங்க," என்றாள்.

உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ரொசெண்டா உட்கார்ந்திருந்தாள். இன்னொரு நாற்காலியில் கால்கள். டெல்பின் அடுப்படியிலிருந்து இஞ்சி போட்ட கோழிக் கஞ்சியைக் கிண்ணத்தில் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தான். அவன் புருவத்தில் கரி ஒட்டியிருந்தது. நாற்காலிக்கு அடியில் நாய் படுத்திருந்தது. பக்கத்து வீட்டில், தெரு அமைதியை விரும்பிய போன்சோ கரோக்கியில் உச்சஸ்தாயியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ரொசெண்டா," என்றார் மேடம், குழைவாக. "அங்க எல்லாரும் உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்கம்மா. நீ வந்தாத்தானே விழா?"

"மத்தவங்க விழாவுக்கு அஞ்சு வருஷமா தட்டு தூக்கினேன் மேடம். இங்க வந்து பையத் தூக்கறேன். இந்த எட்டு நாள்ல பதினோரு தடவ ஊருக்கு வந்துட்டேன். ஒரு தடவகூட வீட்டுக்கு வரல."

"இது உங்க குடும்பத்தோட உண்மை ஆசையில்லையா?"

"ஒண்ணு கேக்கறேன். கூட்டிக்கிட்டு வரப்போற ஆளோட ஆசை என்னன்னு கேக்க உங்க படிவத்துல இடம் இருக்கா?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் படிவத்தை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தேன்.

"இல்ல மேடம். 'இதர விவரங்கள்'னு கடைசியில ஒரு வரி இருக்கு."

"அது போதும் சார்," என்றாள் ரொசெண்டா. "எழுதிக்கோங்க. உக்காரணும். எவனாவது எனக்குச் சமைச்சுப் போடணும். முடிஞ்சுது."

டெல்பின் கரண்டியோடு அப்படியே நின்றான். அடுத்த வீட்டில் ஒரு பாட்டு முடிந்து பெட்டி மதிப்பெண் அறிவித்தது. அந்த அமைதியில் அவனுக்கு என்ன தோன்றியதோ, எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

"ரொசெண்டா, நான் அந்தப் பொட்டிக்காகத்தான் எழுதினேன். ரெண்டாம் பரிசு. நீ வரணும்னு எழுதல."

நான் கூரையைப் பார்த்தேன். மேடம் தரையைப் பார்த்தார்.

"அப்படியா?" என்றாள் அவள், கஞ்சியை ஊதிக்கொண்டே.

"மொதல்ல அப்படித்தான். எழுத எழுத, பாதியில பொட்டி மறந்துபோச்சு. நீ வந்தா எப்படி இருக்கும்னே யோசிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். அதனாலதான் பயந்துபோயி, சீக்கிரமா முடிச்சுக் கையெழுத்துப் போட்டேன். இன்னொண்ணு, இந்த நாய்..."

"பொகி இல்ல. தெரியும்."

"எப்ப தெரியும்?"

"நீ மொத நாள் தூக்கிக் காட்டினப்பவே. பொகி பொட்டை நாய், டெல்பின்."

அனலின் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

"அப்புறம் ஏம்மா ரெண்டு வருஷமா ஒண்ணும் கேக்கல?" என்றான் டெல்பின்.

"கேட்டா நிறுத்திடுவீங்க. ஞாயித்துக்கிழமை தோறும் எனக்காக ரெண்டு பேரு ஒரு கடுவன் நாயைத் துரத்திப் பிடிச்சுத் தூக்கிட்டு வர்றீங்க. வேற யாரு எனக்காக அவ்வளவு சிரமப்படறாங்க? உப்பு ஜாஸ்தி. இன்னொரு கிண்ணம் ஊத்து."

எங்களுக்கும் ஆளுக்கு ஒரு கிண்ணம் கிடைத்தது. உப்பு உண்மையிலேயே அதிகம். மேடம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை நீட்டி உட்கார்ந்து, கஞ்சி தீரும்வரை மேயரின் மூன்று அழைப்புகளை எடுக்கவில்லை. அவருடைய பணிக்காலத்தில் அப்படி நடந்தது அது ஒருமுறைதான்.

அன்று மாலை விழா தடையின்றி நடந்தது. ரொசெண்டாவாகப் பெர்பெத்துவா மேடமே பையோடு நடந்து வந்தார். டெல்பினாக நான் அழுதேன். மேயர் முழுத் திருப்தி தெரிவித்தார். ஆள் மாறியதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

இருபத்தெட்டாம் தேதி ரொசெண்டா என் மேசைக்கு வந்தாள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க நகராட்சியின் நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டும். மறுநாள் விமானம். டெல்பின் வெளியே வண்டியை நிறுத்திவிட்டு இருக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே துடைத்த இருக்கைதான்.

"சார், உங்க குழு இன்னும் இருக்கா?"

"இருக்கு. அறிக்கை எழுதற கட்டத்துல இருக்கு."

"எனக்கு இன்னொரு ஆசை இருக்கு. இந்த ஊர்லயே ஒரு வேலை. பெருக்கறது, துடைக்கறது, வயசானவங்களப் பாத்துக்கறது, எதுன்னாலும் சரி. எனக்கு நல்ல அனுபவம் உண்டுன்னு ஹாங்காங்ல எழுதிக் குடுப்பாங்க."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கைகள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. நான் விதிகளைப் புரட்டினேன். உள்ளதை உள்ளபடி சொல்வது என் கடமை.

"ஆசைகள் நவம்பர் பதினஞ்சு வரைக்கும்தான் வாங்குவோம்மா. அடுத்த வருஷம் செப்டம்பர்ல குடுக்கலாம்."

"குடுக்கறேன் சார்."

"ஆனா ஒண்ணு. விண்ணப்பிக்கறவங்க அப்ப இந்த ஊர்ல குடியிருக்கணும்."

"இந்த ஊர்ல குடியிருக்கணும்னுதான் சார் ஆசையே."

"புரியுது. விதி அப்படி இருக்கு."

அவள் தலையசைத்துவிட்டு, முத்திரை குத்தவேண்டிய சான்றிதழ்ப் படிவத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

எங்கள் நகராட்சியின் வேகத்தைக் குறைசொல்கிறவர்கள் அந்தக் காட்சியைக் கண்டிருக்கவேண்டும். ஒருத்தியை ஊருக்கு வரவழைக்க எங்களுக்கு ஒரு குழுவும் நான்கு மாதமும் பிடித்தன. அனுப்பிவைக்க அரை நிமிடம் போதுமாயிருந்தது. மற்ற எந்தக் காகிதத்துக்கும் மூன்று வாரம் காத்திருக்கவேண்டிய எங்கள் அலுவலகத்தில், வெளிநாடு போகிறவர்களின் சான்றிதழுக்கு மட்டும் காத்திருப்பே கிடையாது. அன்று ரொசெண்டாவுக்குப் பின்னால் பதினாறு பெண்கள் வரிசையில் நின்றார்கள். பதினாறு பேரையும் மதிய உணவுக்கு முன் அனுப்பிவிட்டேன். ரப்பர் ஸ்டாம்பை அழுத்துவதற்காக என் மேசையில் இருக்கும் ஸ்டாம்ப் பேட் ஒருநாளும் காய்ந்ததில்லை. எங்கள் நகராட்சியில் ஈரமுள்ளது அது ஒன்றுதான்.